வெளிச்சத்தின் மேல் பழி

அக்காவை மட்டும் படத்திலிருந்து தனியாக வெட்டி எடுக்க முடியவில்லை. எங்கே கோடு போட்டாலும் மகளின் கை அவள் தோளில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடல் வர இன்னும் மூன்று மணி நேரம். அதற்குள் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் வைத்தாக வேண்டும். அக்காவின் படுக்கையறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன்.

"மாப்ளே, ஹால்ல மாட்டியிருக்கே, அதே போட்டோதான் வேணும்." அத்தான் வாசலில் நின்று நான்காவது தடவையாகச் சொன்னார். "அதுலதான் அவ நல்லா இருப்பா."

"அதைத்தான் பண்ணிட்டிருக்கேன் அத்தான்."

ஹாலில் இருப்பது சின்னப் படம். அதற்குச் செய்த திருத்தங்களெல்லாம் பழைய லேப்டாப்போடு போய்விட்டன. கேமரா எழுதிவைத்த, யாரும் கைவைக்காத ரா ஃபைல் மட்டும் கார்டில் பத்திரமாக இருந்தது. அதைத்தான் இப்போது திறந்திருந்தான்.

படம் எடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம் ரா ஃபைலின் பெருமையை அளப்பது அவன் தொழிலில் பாதி. எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும், எவ்வளவு நேரம் விழ வேண்டும், எந்த இடம் கூர்மையாக இருக்க வேண்டும், இவையெல்லாம் எடுக்கும்போதே முடிந்துபோகிற காரியங்கள். நிறம் அப்படியல்ல. கேமராவில் எந்த நிறத்துக்கு வைத்திருந்தாலும் அது ஃபைலோடு ஒட்டிய ஒரு குறிப்புச் சீட்டுதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம். உள்ளே விழுந்தது விழுந்தபடியே இருக்கும். அக்காவுக்கு இது கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கதை.

மூன்று மாதத்துக்கு முன்னால், அக்கா மகள் குட்டி முதன்முதலாக நர்ஸ் வேலைக்குப் புறப்பட்ட அன்று எடுத்த படம். வேறு ஊரில் வேலை. புது வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா, தான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாளெல்லாம் போட்டிருக்கும் கூலிங் கிளாஸைப் படத்துக்காகக் கழற்றினாள். எடுத்ததும் கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, நான் மட்டும் ஏன் மஞ்சளா இருக்கேன்?"

"அது லைட்டுக்கா. ரா-லதான் எடுத்திருக்கேன், மாத்திக்கலாம்."

"நிஜமாவே மஞ்சளா தெரியுதுடா."

"காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம். கம்முனு நில்லுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகமாகச் சிரித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பித்தப் பாதையை அடைத்துக்கொண்டு கட்டி. இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

இப்போது திரையில் எடுத்தது எடுத்தபடி இருந்தது. குட்டியின் கோட்டு காகிதம்போல வெள்ளை. அவள் முகமும் சரியாக இருந்தது. அதே விளக்கின் கீழே, கன்னத்தோடு கன்னம் வைத்து நின்ற அக்கா மட்டும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், அக்காவின் முகம் சரியாகும்வரை படம் முழுவதையும் நீலத்தின் பக்கம் இழுத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

குட்டி டீயோடு வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நர்ஸிங் படிச்சு என்ன புண்ணியம் மாமா? தினம் டியூட்டி முடிஞ்சு வந்து நீங்க அனுப்பின போட்டோவத்தான் பாப்பேன். எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

அவன் கை லேப்டாப் மூடியில் இருந்தது. மூடிவிடலாம். சாகும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. இவள் மட்டும் தன்னையே நொந்துகொண்டு கிடப்பாள்.

"எப்ப ஆரம்பிச்சிருக்கும்னாவது தெரிஞ்சா தேவல," என்றாள்.

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

குட்டி முதலில் அம்மாவின் கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தன் கோட்டின் கையை. மறுபடியும் கண்ணை. டீ ஆடை கட்டியது.

"லைட்டுன்னு சொன்னீங்களே மாமா."

"லைட்டு இல்ல குட்டி."

வெளியே அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டது. குட்டி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கதவோடு ஒட்டியபடியே நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரிய வேணாம். மாத்துங்க."

"குட்டி, நான் அன்னிக்கி..."

"மாத்துங்க மாமா. டைம் இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பான். மறுபடியும் நீலத்தின் பக்கம் இழுத்தான். அக்கா தேறிவந்தாள். தோளில் கிடந்த வெள்ளைக் கை நீலம் பூத்தது. கோட்டை மட்டும் தனியாகச் சரிசெய்ய அவனுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் செய்ய மனம் வரவில்லை.

உடல் வருவதற்குள், அக்காவும் அவள் தோளில் கிடந்த கையும் மட்டுமாகப் படம் வந்துவிட்டது. ஹாலில் மேஜைமேல் வைத்தார்கள். அத்தான் சட்டை நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். சின்னப் படத்தில் கண்ணில் படாதது பெரிதில் பட்டிருக்க வேண்டும். குனிந்து பார்த்தார்.

"இது உன் கைதானே குட்டி?"

"ஆமாப்பா."

"கோட்டு வெள்ளையாச்சே. நீலமால்ல இருக்கு?"

"அது லைட்டுப்பா," என்றாள் குட்டி.

"அதானே பாத்தேன்," என்று அத்தான் தலையாட்டிவிட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை துடைத்தார்.