இரண்டு இருந்த இடத்தில் மூன்று

1

இந்தக் கதையில் என் கற்பனை எதுவும் இல்லை என்று தொடங்கத்தான் ஆசை. அது பாதிப் பொய்யாகிவிடும். 1989இல் ஒருநாள் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் சிக்னல் விழாமல் எங்கள் ரயில் நாற்பது நிமிடம் நின்றது. நான் நோட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்ததை எதிர் சீட்டுப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார், வரமாட்டேங்குதா?" என்றாள். பேர் ஜைனம்பு, பழவேற்காடு. ஏரித் தண்ணீரைச் சோதிக்கிற ஓர் ஆய்வு நிலையத்தில், கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுகிற வேலை. தனக்கும் போன வருஷம் ஒன்று வரமாட்டேன் என்று அடம் பிடித்ததாகச் சொல்ல ஆரம்பித்தாள். வண்டி மீஞ்சூர் வரும்வரை அவள் சொன்னது பாதி. நான் இட்டு நிரப்பியது மீதி. எது எது என்று பிரித்துச் சொல்ல இப்போது எனக்கே முடியாது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

ஏரியின் மேல் பூநாரைகள் இளஞ்சிவப்பு மேகம்போல—

அடித்துவிட்டேன். அன்று ஜைனம்பு ஏரியைப் பார்க்கவே இல்லை. பச்சை எழுத்து மினுங்குகிற ஒரு கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

1988 மே மாதம், திங்கட்கிழமை. மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து புது ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பொருத்தினார். டாஸ் மூன்றாம் பதிப்பைப் போட்டார். மத்தியானப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

(டாஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: யந்திரம் கண் விழித்ததும் முதலில் அதற்குள் போய் உட்காருகிற ஆள். மற்ற வேலைக்காரர்கள் எல்லாரும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அதுவரை இருந்தவர் இரண்டாம் பதிப்பு.)

ஜைனம்பு செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனாள். நிலையத்தின் வேலையெல்லாம் நடப்பது ஒரே ஒரு ப்ரோக்ராமில். அதற்கு எல்லாரும் வைத்த பேர் 'உப்பு'. அதன் பிளாப்பியைச் செருகி, இன்ஸ்டால் என்று அடித்தாள். விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: டாஸ் பதிப்பு தவறு.

மறுபடி அடித்தாள். அதே வரி. பிளாப்பியை எடுத்துத் துடைத்துப் போட்டாள். இன்னொரு டிரைவில் போட்டாள். யந்திரத்தை அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போட்டாள். அதே வரி, அதே இடத்தில்.

நிலையத் தலைவர் திருவேங்கடம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னாம்மா சொல்லுது?"

"உள்ள வரமாட்டேங்குது சார்."

"வியாழக்கிழமை கோதண்டம் சார் வராரு. தெரியும்ல?"

தெரியும். ஊருக்கே தெரியும்.

3

ஏன் தெரியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு யந்திரம் மக்கர் பண்ணியதற்கு இவ்வளவு காகிதமா என்று நினைப்பீர்கள்.

ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம் மணல் மூடி இரண்டு மாதமாகியிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. இருக்கிற தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்பேறிக்கொண்டே போகும். நாள் முழுக்க வலை போட்டவர்கள் பாசியை அள்ளிக்கொண்டு திரும்பினார்கள். முகத்துவாரத்தை யந்திரம் வைத்து வெட்டித் தாருங்கள் என்று மனு போயிருந்தது. அதை விசாரிக்கத்தான் கோதண்டம் என்ற அதிகாரி வருகிறார். அவர் கேட்டது ஒன்றுதான். மழைக் காலத்திலும் ஏரியில் உப்பு குறையாமல் இருக்கிறதா? மூன்று வருஷத்து நவம்பர் மாதக் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த எண்கள் பத்துப் பிளாப்பிகளில் இருந்தன. 'உப்பு' ஒன்றால் மட்டுமே அவற்றைப் படிக்க முடியும்.

(இந்தப் பகுதியைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: பழைய டாஸையே மறுபடி போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் அது இருந்த பிளாப்பியின் மேல்தான் இன்ஜினியர் புதியதை எழுதிவிட்டுப் போயிருந்தார். மெட்ராஸிலிருந்து இன்னொன்று வர பத்து நாளாகும் என்றார்கள். காகிதத்தில் இல்லையா என்றும் கேட்டார். காகிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். இங்கிருந்த கார்பன் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. நண்பர் அதற்கு மேல் கேட்கவில்லை. நம்பினாரா என்று தெரியாது.)

4

ஜைனம்பு செவ்வாய்க்கிழமை செய்த காரியம் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அந்த இன்ஸ்டால் கோப்பு மறுக்கிறது என்றால், அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. கடிதத்தைத் திரையில் காட்டச் சொல்வதுபோல அதையும் காட்டச் சொன்னாள்.

யந்திரம் பீப் பீப் என்று அலறியது. திரை முழுக்க சிரிக்கிற முகங்கள், சீட்டுக்கட்டு ஆட்டின், இஸ்பேடு, என்ன மொழி என்றே தெரியாத கோடுகள். காலி பாட்டில்களை வாங்கிப்போக வந்த படகோட்டி குப்பன் சத்தம் கேட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, சீட்டாடுதா?"

"இதுதான் அதோட உள்பக்கம், குப்பண்ணே."

அந்தக் குப்பைக்கு நடுவில், தெளிவான ஆங்கிலத்தில், ஒரே ஒரு வரி இருந்தது. டாஸ் பதிப்பு தவறு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்தாள். இரண்டு நாளாக யந்திரம்தான் மறுக்கிறது என்று நினைத்திருந்தாள். அப்படியில்லை. இது முன்பே யாரோ உட்கார்ந்து எழுதி வைத்த வாக்கியம். எழுதியது யார் என்பதும் தெரியும். சாலமன். பழவேற்காட்டுக்காரர், நிலையத்தில் இரண்டு வருஷம் இருந்து 'உப்பு'வை எழுதியவர், இப்போது பம்பாயில் வேலை.

எழுந்து, அவருக்குப் போன் போடத் தபால் ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மத்தியானம் முழுக்க அந்தக் குளிரில் உட்கார்ந்தே இருந்தாள்.

5

காரணம் சொல்கிறேன். ரயிலில் அவள் இதைக் கடைசியாகச் சொன்னாள், அதுவும் வண்டி மீஞ்சூரை நெருங்கும்போது. நான் வரிசையை மாற்றி இங்கே வைக்கிறேன்.

1986 நவம்பரில் வாடைக்காற்று விடாமல் அடித்தது. குப்பன் நாலு வாரமும் படகை இறக்கிப் பார்த்து நாலு வாரமும் திரும்பினார். ஏரியில் பன்னிரண்டு இடம், நாலு வாரம்; நாற்பத்தெட்டு எண்கள் வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரும் வரவில்லை. ஜைனம்பு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முந்தைய வருஷ நவம்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, நாற்பத்தெட்டையும் தானே எழுதினாள். அடித்தலே இல்லாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் இரண்டை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தினாள்.

என் முதல் படியில் இந்தக் குற்றத்தைத் திருவேங்கடத்தின் தலையில் கட்டியிருந்தேன். "காலியா அனுப்பாதே, எதையாவது போடு" என்று அவர் மிரட்டுவதாக ஒரு காட்சி. நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ஜைனம்பு சொன்னபோது அவரைக் குறை சொல்லவே இல்லை. "முப்பதாம் தேதிக்குள்ள போயாகணும்னாரு, அவ்ளோதான். காலியா அனுப்பியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நான் கேக்கவே இல்ல சார்," என்றாள். திருவேங்கடத்தை மிரட்டுபவராக்க எனக்கு உரிமை கிடைக்கவில்லை. அவர் வெறுமனே கதவு வழியாகத் தலையை நீட்டுகிறவராகவே இருக்கட்டும்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் யோசித்தது இதைத்தான்: 'உப்பு' உள்ளே வராமலே போனால்? அந்த நாற்பத்தெட்டும் பத்துப் பிளாப்பியோடு முழுகிப்போகும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. யந்திரம் கெட்டுவிட்டது என்றால் ஊரே நம்பும்.

அப்புறம் மறுநாள் தபால் ஆபீஸுக்கு ஏன் போனாள்? நான் கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்வாள் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"உள்ள இன்னா எழுதியிருக்குனு பாத்துட்டேனே சார். ஏன் எழுதியிருக்குனு கேக்காம எப்படி வுடறது?"

6

புதன்கிழமை காலை, தபால் ஆபீஸ். அர்ஜென்ட் ட்ரங்க் கால். ஒன்றரை மணிநேரம் கழித்து பம்பாய் கிடைத்தது.

"சாலமன் சார், ஜைனம்பு பேசறேன், பழவேற்காட்லேர்ந்து."

"ஜைனம்பா? நைனாவுக்கு எதுனா..."

"நைனா நல்லா இருக்காரு. காலையிலகூட பாத்தேன். உங்க ப்ரோக்ராம்தான் படுத்துது."

சாலமனுக்கு மூச்சு வந்து, சிரித்து முடிக்கவே அரை நிமிடம் போயிற்று. அவள் அவசரமாக விஷயத்தைச் சொன்னாள். டாஸ் மூணு. பதிப்பு தப்பு. நாளைக்கு அதிகாரி.

"அது மெஷின் சொல்றதில்ல ஜைனம்பு, நான் சொன்னது," என்றார் சாலமன். "எழுதறப்ப ரெண்டுதான் இருந்துச்சு. ரெண்டுனா உள்ள வா, இல்லாட்டி போ, அப்டினு எழுதிட்டேன். ரெண்டுக்கு மேலனு எழுதியிருக்கணும். மூணு வரும்னு அப்ப தோணல."

"இப்ப இன்னா பண்றது?"

"உள்ள பாக்கறதுக்கு டீபக்குனு ஒண்ணு காட்டினேனே, நெனப்பிருக்கா? அதுல தேடு. எழுதிக்கோ. பி நாலு. மூணு பூஜ்யம். சி டி..."

"ஜி டியா?"

"சி. சினிமாவுக்கு வர்ற சி. டில்லிக்கு வர்ற டி. ரெண்டு ஒண்ணு. மூணு சி. பூஜ்யம் ரெண்டு. அந்தக் கடைசி ரெண்டுதான் வாசல்ல நிக்கறது. அத மூணு ஆக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா அதுக்கு முன்னாடி மறக்காம காப்பி..."

மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்தது.

(இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்த தபால் ஆபீஸ் குமாஸ்தா, "காப்பி குடிச்சிட்டுப் பொறுமையா பண்ணச் சொல்றாரு, நல்ல மனுசன்," என்றாராம். இந்த வரியை நான் சேர்க்கவில்லை. அவள் சொன்னது.)

7

காப்பி எடுத்தாள், பிளாப்பியை. டீபக்கைத் திறந்து, பென்சிலால் எழுதிய ஆறு எண்களையும் தேடச் சொன்னாள். யந்திரம் ஓர் இடத்தைக் காட்டியது. ஓரிடம்தான். அங்கே கடைசியில், பூஜ்யம் இரண்டு.

இதை ஒரு பெரிய கணமாக எழுத மூன்று தடவை முயன்றேன். அவள் விரல்கள் நடுங்க— இல்லை. வெளியே ஏரி மௌனமாக— அதுவும் இல்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு ஊரையே நிறுத்தி வைத்தது இத்தனூண்டா என்ற ஆச்சரியம். மூன்று என்று அடித்தாள். எழுதச் சொன்னாள். வெளியே வந்து இன்ஸ்டால் என்று அடித்தாள்.

விளக்கு எரிந்தது. அணையவில்லை. டிரைவ் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பத்துப் பிளாப்பியும் ஏறிவிட்டன. பிரிண்டர் கீச்சுக்கீச்சென்று மூன்று நவம்பர்களையும் துப்பியது. நடுவில் இருந்த 1986 நவம்பரைத் தனியாகக் கிழித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். மற்ற இரண்டைவிட அதுதான் அழகாக இருந்தது. ஏறுவதும் இறங்குவதும் பாடப்புத்தகத்தில் வருகிற ஏரிபோல. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உப்பு வருஷா வருஷம் கூடுகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் அவ்வளவு தெளிவில்லை. அவளுடைய பொய் மீனவர்கள் பக்கம் நின்றது.

இங்கே ஒரு மாற்று இருந்தது. அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள், முகத்துவாரம் வெட்டப்படுகிறது, ஊரில் இறால் வருகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு பக்கம் எழுதினேன். ஜைனம்புவின் முகம் அதில் ஒட்டவே மறுத்தது.

8

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கோதண்டம் வந்தார். திருவேங்கடம் இளநீர் வெட்டி வைத்திருந்தார். கோதண்டம் அதைத் தொடாமல் காகிதங்களை வாங்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். நடு நவம்பருக்கு வந்தார். அதன் மேல் பென்சிலால், குறுக்கே ஒரு கோடு கிழித்திருந்தது.

"இது இன்னா கோடு?"

திருவேங்கடம் ஜைனம்புவைப் பார்த்தார்.

"அந்த மாசம் தண்ணி எடுக்கல சார்," என்றாள். "காத்து. படகு போகல. அது நானா எழுதினது."

திருவேங்கடத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பதையும், அவர் பேரும் இதில் போகும் என்பதையும் அவள் அப்போதுதான் நினைத்தாள்.

கோதண்டம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் தண்ணி சார்."

அவர் பேனாவைத் திறந்தார்.

9

என்ன எழுதினார் என்று ஜைனம்பு எனக்குச் சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எரிச்சலாக இருக்கும். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வெட்ட உத்தரவிட்டார் என்று எழுதினால், உண்மை பேசியதற்குக் கூலி கிடைத்த கதையாகிறது. மனுவைத் தள்ளிவிட்டார் என்றால், ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய பொய்க்கு ஊரே தண்டனை அனுபவித்த கதையாகிறது. எதை எழுதினாலும் முன்னால் நடந்ததெல்லாம் அதற்கு ஏணியாகிவிடுகிறது. அவள் கூலிக்கும் சொல்லவில்லை, தண்டனைக்குப் பயந்தும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் எது தண்ணீர், எது தண்ணீர் இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் அவள். அதனால் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான். கோதண்டம் எழுதிக்கொண்டிருக்கும்போதே குப்பன் வெளியிலிருந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். வியாழக்கிழமை பாட்டில் எடுக்கிற நாள். அதுவரை ஜைனம்பு ஒருநாளும் படகில் ஏறியதில்லை. பாட்டில் வரும், அவள் எண்களை ஏற்றுவாள்.

"போய்ட்டு வரேன்மா," என்றார் குப்பன்.

"இருங்க குப்பண்ணே, நானும் வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். உள்ளே பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பிவரப் பொழுது சாய்ந்துவிடும். பன்னிரண்டு இடத்திலும் தண்ணீர் எடுக்கவேண்டும்.