ஒரு சொட்டும் நிற்காத தளம்

மேனாம்பேட்டில் எங்கள் தெரு மாதா கோயில் வளாகத்துக்கு சிமெண்ட் தளம் போட்டது நான்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வலித்ததே இல்லை.

தொண்ணூற்றிரண்டில் திருவிழாவன்று மாதா தேரின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. பதினைந்து பேர் தள்ளியும் அசையவில்லை. தெருவே கைகொட்டிச் சிரித்தது. ஆவடியில் ராணுவ டாங்க் செய்யும் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். டாங்க் ஓட வைப்பவன் தெருவில் தேர் ஓடவில்லையே என்று எனக்கு மானம் போயிற்று. ஒரே மாதத்தில் ஆள் சேர்த்து, வளாகம் முழுவதும் தளம் போட்டேன். ரசமட்டம் வைத்து மூலைக்கு மூலை சோதித்து, வாசல் பக்கம் அழகாகச் சரித்துவிட்டேன். சிமெண்ட் காய்வதற்குள் நடுவில் ஆணியால் 'அந்தோணிராஜ்' என்று எழுதினேன். அந்த வருட மழையில் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மறு வருடம் மே மாதம் வளாகத்துக்குள் இருந்த கோயில் கிணறு வற்றியது. நாற்பது வீடுகளுக்கு அந்த ஒரு கிணறுதான். எனக்கு நினைவு தெரிந்து அது வற்றியதில்லை. தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒரு முறை வந்தது. வந்த அன்றெல்லாம் சண்டைதான்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. என் மனைவி ஹில்டா கோயில் வாசலில் குடையோடு நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க. தண்ணி எங்க போவுது?"

"சாக்கடைக்குத்தான். ஒரு சொட்டு நிக்காதுன்னு சொன்னேன்ல?"

"அதாங்க நானும் சொல்றேன். எல்லாம் வெளிய ஓடிட்டா, கெணத்துக்கு ஏது தண்ணி?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போன வருடம் மழையே குறைவு, சுற்றியுள்ள கம்பெனிகள் போர் போட்டு உறிஞ்சுகின்றன என்று கத்தினேன். அதுவும் உண்மைதான்.

"அவங்க போரை உங்களால மூட முடியாது. நீங்க போட்ட சிமெண்ட்ட நீங்க ஒடைக்கலாம்ல?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லாரி வரவில்லை. எதிர்வீட்டு நாகம்மாள் காலிக் குடத்தோடு கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தரை நல்லா வழவழன்னு கீது நைனா. கொடந்தான் ரொம்பல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

ஃபாதரிடம் போய்த் தளத்தை உடைக்கப் போகிறேன் என்றேன். "அப்ப தேரு?" என்றார். அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சக்கரம் போகும் இடத்தில் மட்டும் தண்டவாளம் போல இரண்டு பட்டை விட்டுவிட்டு மற்றதை உடைப்பது. கிணற்றுக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் இறங்கக் குழி வெட்டி, உடைத்த சிமெண்டையே ஜல்லியாகப் போட்டு நிரப்புவது. மண்ணைக் குழி பக்கம் சரித்துவிடுவது. அவர் தலையாட்டினார்.

கடப்பாரையை நானே எடுத்தேன். வேறொருவன் உடைத்து நான் வேடிக்கை பார்க்க முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவே மண்வெட்டியோடு வந்தது. என் பெயர் இருந்த இடம் சரியாக நடுவில், இரண்டு பட்டைகளுக்கும் இடையில். அங்கே கை நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிலும் குத்திப் பெயர்த்தேன். பலகை போல ஒரே துண்டாக வந்தது. குழியில் போடப் போனேன்; ஹில்டா தடுத்து வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் திருவிழாவில் தேர் பட்டை மேல் பிசகாமல் போனது. ஆனால் நான் தேரைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணறு ஊறாவிட்டால் நல்ல தரையையும் கெடுத்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழி நிரம்பி நிரம்பி உள்வாங்கியது. பத்து நாள் கழித்துக் கிணற்றடியில் சத்தம் கேட்டு ஓடினேன். நாகம்மாளின் வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் அது.

அவள் குடத்தை நிரப்பி, கிணற்றடியில் புதிதாகப் பதித்திருந்த கல்லின் மேல் இறக்கினாள். அது என் பெயர் இருந்த சிமெண்ட் துண்டு; அங்கே பதித்தது ஹில்டாவின் வேலை.

"ஐய, உன் பேரு நனையுதே நைனா" என்று குடத்தைத் தூக்கப் போனாள்.

"நனையட்டும்மா, அங்கேயே வை" என்றேன்.