சாட்சிக் குப்பி எட்டில் உறைந்தது

1

இந்தக் கதை எங்கள் சமையலறைக் குழாயடியில் பிறந்தது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

“அழுகிய இலை, மண், கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று எல்லாவற்றையும் ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது. அலையில் குமிழி உடையும்போது அந்தத் துகள்கள் காற்றில் ஏறுகின்றன. மேகத்தில் ஒரு துளி பனிக்கட்டியாக உறைய, அப்படியொரு துகள் பிடிமானமாக—”

நிறுத்திவிட்டேன். இது என் தங்கை சொன்னது. சொன்னபோது அவள் வாயில் பற்பசை நுரை இருந்தது. நான் அதை மட்டும் துடைத்துவிட்டு என் சரக்காக்கப் பார்த்தேன்.

2

தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆற்றுத் தண்ணீரைத் தட்டில் துளித்துளியாக இட்டு, தட்டைக் குளிரவைத்து, எந்தத் துளி எவ்வளவு குளிரில் உறைகிறது என்று எண்ணுவாள். சுத்தத் தண்ணீர்த் துளி பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போனாலும் உறையாமல் அடம்பிடிக்கும். ஆற்றுத் தண்ணீர் மைனஸ் எட்டிலேயே உறைந்துவிடும்.

ஒவ்வொரு பயணத்திலும் சுத்தத் தண்ணீர் ஊற்றிய குப்பி ஒன்றும் ஆறு வரை போய்வரும். குப்பிகளில் அழுக்கில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

வெள்ளம் வந்த வாரம், சாட்சியும் எட்டில் உறைந்தது.

“மூணு வருஷமா எண்ணினது மொத்தமும் சந்தேகமாயிடுச்சுக்கா. மூணு வாரம்தான் டைம், அந்தத் திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லணுமாம். இல்லைன்னா ஆத்து வேலையையே நிறுத்திடுவேன்னு எங்க லேப் மேடம் சொல்லிட்டாங்க.”

“மெஷின் கோளாறா இருக்கும்டி.”

“ஏழு தடவை பாத்துட்டேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப விட்டுத்தொலையேன்.”

“விடமாட்டேன். எங்க தப்புன்னு கண்டுபிடிக்காம விடவே மாட்டேன்.”

3

கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டும். தங்கையை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் ஜீப் ஓட்டுநரைப் பிடித்தேன். “அவர் ஆற்றங்கரையில் ஒரு குப்பியைத் திறந்து முகர்ந்து—”

அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த மனிதர் கையுறை போடாமல் குப்பிப் பையைக்கூடத் தொடமாட்டார்.*

(* குப்பிகளை ‘மாப்பிள்ளைங்க’ என்பார். மேடு பள்ளம் வந்தால், “மாப்பிள்ளைங்க பத்திரமா இருக்காங்களா?” என்று கேட்பார்.)

உண்மையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அந்த அக்காதான். என்ன கேட்டாலும் மெஷின் கோளாறு என்கிறாள். அவளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?

4

சரி, சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பயணத்தன்று காலை தங்கை பன்னிரண்டு காலிக் குப்பிகளைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டுக் கழுவியவை; லேசாக அந்த வாடை அடித்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! பன்னிரண்டையும் திறந்து, குழாய்த் தண்ணீரில் அலசி, மூடிவைத்தேன். பெரிய உதவி செய்த நினைப்பு.

எங்கள் குழாயில் வருவது அதே ஆற்றுத் தண்ணீர். குப்பியில் ஒரு சொட்டு மிஞ்சினாலே கணக்கு கெட்டுவிடும் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

சாட்சி உறைந்தது என்று அவள் சொன்ன நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் மெஷின் மேல் பழி போட்டேன். பத்தொன்பது நாளாக அவள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். வெட்கமாக இருக்கிறது. நான் சொன்னால் கெடுவது அந்த ஒரு பயணம். சொல்லாவிட்டால் மூன்று வருஷமும் போய்விடும்.

5

முடிவு, முதல் வகை: தங்கை மன்னிக்கிறாள், வெளியே மழை— (மழையை அடித்துவிட்டேன். அதைச் சிபாரிசுக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.)

இரண்டாம் வகை: ஒரு வருஷம் அவள் என்னோடு பேசுவதில்லை. இதை என்னால் எழுத முடிந்தது, படிக்க முடியவில்லை.

இன்று ஞாயிறு. இந்தக் கதைக்கு முதல் வாசகி அடுத்த அறையில் பயணக் குறிப்புகளை எட்டாவது தடவையாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். கதவிடுக்கில் தள்ளிவிட்டு ஓடமாட்டேன். கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

கீழே பாதிப் பக்கம் உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். முதலில் நாலாம் பகுதியைக் கிழித்தெடுத்து மேடத்துக்காக வைத்துக்கொள். பிறகு முடிவை எழுது. என்ன எழுதினாலும் திருத்தமாட்டேன்.

நிமிர்ந்து பாருடி. எதிரில்தான் இருக்கிறேன்.