இறக்கிய வண்டி

காலையில் வண்டியில் ஏறும்போதே ஜெயக்கொடிக்கு வித்தியாசம் தெரிந்தது. எப்போதும் புருஷனின் தோளைப் பிடித்து எம்பித்தான் உட்கார வேண்டும். அவ்வளவு உயரமான பைக். இன்றைக்கு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, வண்டி பதிஞ்சு போன மாதிரி இருக்கு?”

“பின்னாடி ஷாக் அப்சார்பர மாத்திருக்கேன். குட்டையாப் போட்டிருக்கு. உக்காரு, நேரமாச்சு” என்றான் அருள்பாண்டி.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. போன வருஷம் சோழவந்தான் ரோட்டில் டிராக்டர் இடித்து அவனுடைய இடது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்த கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. பெயிண்ட் கம்பெனியில் விற்பனை வேலை, பகல் முழுக்கக் கடை கடையாக அலைய வேண்டும். மறுபடி வண்டி எடுத்தபோது, நிறுத்துகிற இடத்திலெல்லாம் இடது காலின் நுனிதான் தரையில் பட்டது. கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாரத்தைத் தாங்க முடியாது. இப்போது இரண்டு காலும் ஊன்றுகிறது. அவன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு தெளிவைப் பார்த்தாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

ஆனால் வண்டி பழைய வண்டியாக இல்லை. வீடு பரவையில், அவள் துண்டு தைக்கப் போகிற தையல் கூடம் செல்லூரில். அந்தத் தூரத்துக்குள் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையிலும் அடியில் டம்மென்று இடித்து, இடி அவள் முதுகுத்தண்டில் ஏறியது. சாயங்காலம் திரும்பும்போது விளக்கு ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர்கள் கண்ணில் அடித்தது. இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டதால், திருப்பினால் உடனே திரும்பாமல் யோசித்துத் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் தோள் இறுகுவதைப் பின்னால் இருந்தவள் உணர்ந்தாள்.

“வண்டி ஒரு மாதிரிப் போகுதுங்க.”

“புதுசுல்ல. பழகிரும்.”

பழகவில்லை. அந்த வாரக் கடைசியில், பரவை கண்மாய்க்கரையோரம் ரோடு இடது பக்கம் வளைகிற இடத்தில் அவன் வழக்கமான வேகத்தில்தான் சாய்த்தான். ஸ்டாண்டு தார் ரோட்டில் கரகரவென்று உரசியது. அதற்குமேல் வண்டி சாய மறுத்தது. வளைவோடு போகாமல் நேராக ரோட்டின் நடுவுக்கு, அதையும் தாண்டி அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. எதிரே ஒரு மணல் லாரி. ஜெயக்கொடி அவன் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டாள். லாரிக்காரர் தன் வண்டியை மண்ணில் இறக்கி ஒதுங்கியதால் பிழைத்தார்கள்.

ஓரமாக நிறுத்தியதும் அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டது இதைத்தான்:

“எதுக்குடி எதிர்ப்பக்கம் சாஞ்ச?”

“நான் எங்கங்க சாஞ்சேன்? ஒங்களக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுல்ல இருந்தேன்.”

“நீ சாஞ்சதாலதான் வண்டி வெட்டுச்சு.”

வண்டியை மறுபடி கிளப்பினான். மீதித் தூரத்துக்கு அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கூடத்துக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிற ராம்கியின் ஒர்க் ஷாப்புக்குப் போனாள். ஷாக்கை மாற்றியவன் ராம்கிதான். அருள்பாண்டியின் பழைய சிநேகிதன்.

“அண்ணே, நேத்து லாரிக்குள்ள போயிருப்போம்” என்று நடந்ததைச் சொன்னாள்.

ராம்கி ஸ்பானரைக் கீழே வைத்தான். “ரெண்டு பேருமா போனீங்க?”

“தெனமும் ரெண்டு பேருதானண்ணே போறோம்.”

“ஒத்தையாத்தான் ஓட்டுவேன்னு சொன்னானேம்மா. ஆள் ஏத்தாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பின்னாடி பாரம் ஏறுச்சுன்னா இன்னும் பதிஞ்சிரும், திருப்பத்துல தட்டும்னு. முன்னாடியும் கொஞ்சம் எறக்குனாத்தான் சரியா வரும்னேன். எறக்குனா இஞ்சின் அடிபடும்னு வேணாம்னுட்டான்.”

எல்லாம் தெரிந்தே தன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். தப்பித்த பிறகு பழியையும் தன்மேல் போட்டிருக்கிறான். அன்று முழுக்க அவள் தைத்த தையல் கோணல்மாணலாகப் போனது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். “ஒத்தையாத்தான் ஓட்டுவேன்னு ராம்கியண்ணன்ட்ட சொன்னீங்களாமே?”

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். “அவன்ட்ட எதுக்குப் போன?”

“வேற யாருட்ட போறது? டாக்டர் அப்பவே சொன்னாருல்ல, அடி உசத்துன செருப்புப் போடுங்கன்னு. அதப் போட்டா வண்டியக் குட்டையாக்க வேண்டிய வேலையே இல்லல்ல.”

“வண்டிய எறக்குனா எவனுக்கும் தெரியாது” என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. “செருப்ப உசத்துனா ஊருக்கே தெரியும். கடைக்காரன் எவனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான். காலத்தான் பாப்பான்.”

அந்தக் குரலில் இருந்த வலி அவளைத் தொட்டது. ஆனாலும் லாரியின் முகப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

“ஒங்க கால யாரும் பாக்கக் கூடாதுன்னு நான் சாகணுமா?”

அவன் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினான்.

“நான் இனிமே பஸ்லயே போயிக்கிறேன்” என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் சாப்பாடு, தண்ணி, கரண்டு பில்லு, இவ்வளவுதான் பேச்சு. சில காலைகளில் பஸ் ஜன்னல் வழியாக அவன் போவது தெரியும். திருப்பங்களில் மாட்டு வண்டி மாதிரி மெதுவாகத் திருப்பினான். அவன் கண்ணிலிருந்து மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கோபம் இருந்தது, பயமும் இருந்தது. எது பெரிது என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் பொழுதிறங்குகிற நேரத்தில் அவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். முழங்கை சிராய்த்து, இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“வண்டி எங்கங்க?”

“ராம்கி வந்து கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டான். காலைல பழைய ஷாக்கயே மாட்டச் சொன்னேன். மாட்டிட்டுக் கெளம்புனேன். நல்லாத்தான் திரும்புச்சு.” கட்டிலில் உட்கார்ந்தான். “விளாங்குடி சிக்னல்ல நிறுத்துனேன். கால் எட்டல. சாஞ்சு விழுந்துட்டேன்.”

அவள் தண்ணீர் கொண்டுவந்து முழங்கையைக் கழுவினாள்.

“அம்புட்டுப் பேரும் பாத்தாய்ங்க. ஒரு ஆளு வந்து வண்டியத் தூக்கி நிறுத்துனாரு. ‘தண்ணி கிண்ணி போட்டிருக்கியா தம்பி’ன்னாரு. ‘இல்லண்ணே, ஒரு கால் குட்டை’ன்னேன்.”

அப்படி அவன் யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை. வீட்டுக்குள்கூட ‘காலு’ என்றுதான் சொல்வான், ‘குட்டை’ என்று சொன்னதே இல்லை.

“அன்னைக்கு நீ சாயல” என்றான். “எனக்கு அப்பவே தெரியும்.”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றவில்லை. வீங்கிய மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கட்டினாள்.

காலையில் எலும்பு டாக்டரிடம் கையைக் காட்டப் போக வேண்டியிருந்தது. கிளட்ச் பிடிக்க முடியாததால் அவனும் பஸ்ஸுக்கு வந்தான். மெயின் ரோடு வரை தெருவில் விந்தி விந்தி நடந்தான். கால் முறிந்ததற்குப் பிறகு அவன் அந்தத் தெருவில் இவ்வளவு தூரம் நடந்து அவள் பார்த்ததில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நடையைக் குறைத்தாள்.

“நீ முன்ன போ. பஸ்ஸு போயிரும்” என்றான்.

“போனா அடுத்தது வரும்” என்றாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி அவன் காலைப் பார்த்துவிட்டு எழுந்து, “உக்காருங்கண்ணே” என்றாள். “வேணாம்மா” என்று தலையை ஆட்டினான். அந்தப் பெண் எழுந்தபடியே நின்றாள். பஸ் நகர்ந்ததும் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற ஜெயக்கொடிக்கு அவனுடைய பின்னந்தலைதான் தெரிந்தது. எலும்பு டாக்டரிடம் கையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புவானா, காலைப் பற்றியும் கேட்பானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளாகக் கேட்கவும் இல்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து டிக்கெட் வாங்கினாள்.