நாங்கள்தான் ஏழைகள்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வலது கதவு என்னுடையது, இடது கதவு சுஹேருடையது. நான் ஒட்டிலியா, ருமேனியாக்காரி. அவள் சிரியாக்காரி. நியூரம்பர்க்கின் தெற்குப் பக்கம், எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எங்கள் ஆட்கள், மீதிப் பாதியில் அவர்கள் ஆட்கள். நடுநடுவே ஜெர்மன்காரர்களும் உண்டு. அவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்பதால் இருப்பதே தெரியாது.

எனக்கும் சுஹேருக்கும் தினமும் ஒரு போட்டி நடக்கும். யாருடைய ஆட்கள் இந்த நாட்டில் நன்றாக இருக்கிறார்கள் என்பதுதான் போட்டி. மாடிப்படியில் குப்பைப் பையோடு எதிரெதிரே வந்துவிட்டால் போதும்.

"என்ன சுஹேர், உன் தம்பி இன்னும் ஜெர்மன் கிளாஸுக்குத்தான் போறானா? எங்க பசங்க பஸ்ஸை விட்டு எறங்கின மறுநாளே வேலைக்குப் போயிட்டாங்க."

"போனாங்க, போனாங்க. போயி பத்து வருஷமா 'வணக்கம்', 'சரி முதலாளி'ன்னு ரெண்டே வார்த்தையோட நிக்கிறாங்க. என் தம்பி பல் டாக்டர்கிட்ட உதவியாளாப் போகப்போறான். நாளைக்கு உங்க ஆளுங்க அவன் முன்னாடிதான் வாயைத் தொறக்கணும்."

"பல்லு வலிச்சா நாங்க ஊருக்குப் போயிடுவோம்டி. நெனச்சா வண்டி ஏறலாம், நெனச்சாத் திரும்பி வரலாம்."

"எனக்கு எதுக்கு ஊரு? நான் இந்த நாட்டுக் குடிமகள். பெரிய எலக்‌ஷன்ல ஓட்டுப் போடறவ. உனக்கு அந்த ஓட்டு உண்டா?"

எனக்கு அந்த ஓட்டு கிடையாது. அவளுக்கு அப்போது ஊருக்குப் போக வழி கிடையாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே குப்பையைக் கொட்டப் போவோம்.

எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. அதை நடத்திய கிழவர் ஓய்வெடுக்கப் போனபோது மூடிவிட்டார். பெரிய அடுப்பு, அகலமான ஜன்னல், பின்னால் ஒரு முற்றம். தெருவில் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண். எங்கள் ருமேனியர் சங்கத்துக்குக் கூடுவதற்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் பேசிக்கொள்வார்கள். பஸ் வந்தால் ஏறமாட்டார்கள், டிரைவர் திட்டிவிட்டுப் போவார். சிரியாக்காரர்கள் சங்கத்துக்கும் இடமில்லை, ஒரு கல்யாணம் என்றால் ஊருக்கு வெளியே கார் பழுதுபார்க்கும் கொட்டகையை வாடகைக்கு எடுப்பார்கள். மணப்பெண்ணின் வெள்ளை உடையில் கிரீஸ் ஒட்டும்.

ஒரு நாள் வீட்டுவசதி நிறுவனத்திலிருந்து பிராண்டல் அம்மா வந்தார். குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. முற்றத்தில் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கடையைக் குறைந்த வாடகைக்கு ஒரு சங்கத்துக்குக் கொடுப்பார்களாம். இரண்டு சங்கமும் கேட்டிருப்பதால், யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கு. சனிக்கிழமை பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் கூட்டம். இரண்டு தரப்பும் வந்து தங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

இத்தனை வருஷமாக நாங்கள்தான் நன்றாக இருக்கிறோம் என்று மாடிப்படியில் வாதாடியிருக்கிறேன். இப்போது நாங்கள்தான் ஏழைகள் என்று சபையில் சாதிக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். என் ஜெர்மன் நன்றாக இருக்கிறது என்பதால் அல்ல, என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும் என்பதால். நான் இஞ்சி பிஸ்கட் ஆலையில் பெட்டி கட்டுகிறவள். என் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ருமேனியர்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்க மேற்பார்வையாளர் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தது. அதில் மரியாதையாகப் பேச ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

அதனால் இடது கதவைத் தட்டினேன்.

"சுஹேர், ஜெர்மன்ல ஒரு பேச்சு எழுதணும். கொஞ்சம் உதவி பண்ணேன்."

"என்ன விஷயமா?"

"உங்களைவிட நாங்கதான் ஏழைங்கன்னு சொல்லணும்."

அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த காபி பொங்கி வழிந்தது. "எதிராளிகிட்டயே வந்து கத்தியைத் தீட்டிக் குடுன்னு கேக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"வேற யார்கிட்டப் போவேன்? எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் உன் அளவுக்கு ஜெர்மன் வராதே."

"அப்போ அதையே மொதல்ல சொல்லு. அதைவிட நல்ல காரணம் வேணுமா? சரி, உக்காரு. வேற என்ன கஷ்டம்? கூச்சப்படாமச் சொல்லு."

நான் சொல்லத் தொடங்கினேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். காண்ட்ராக்டர் கொடுக்கும் அறையில் ஒன்றாக அடைந்து கிடக்கும் எங்கள் ஆண்களைப் பற்றிச் சொன்னேன். வேலை போனால் அன்று சாயங்காலமே அறையும் போய்விடும், பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஜெர்மன்காரர்களின் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பெண்கள், தங்கள் பிள்ளைகளைப் போனில்தான் வளர்க்கிறார்கள். பள்ளியில் டீச்சர் என்ன சொன்னார் என்று மகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் அம்மாக்களில் நானும் ஒருத்தி.

"ஏன் நீங்க யாரும் கிளாஸுக்குப் போகல?" என்றாள் சுஹேர்.

"யாரும் கூப்பிடல. நீங்க உசுரு தப்பி வந்தவங்க, நாங்க வேலைக்கு வந்தவங்க. உங்களுக்குப் பாடப் புத்தகம் குடுத்தாங்க. எங்களுக்குக் கையுறை குடுத்தாங்க."

அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். பிறகு என் பேச்சை அழகான ஜெர்மனில் எழுதி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் தப்பாகச் சொன்ன வார்த்தையை மறுபடி மறுபடி சொல்ல வைத்தாள். பழைய வாத்தியாரம்மா, விடுவாளா? சிரியாவில், ஹோம்ஸ் நகரத்தில் அவள் மேல்வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இங்கே மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு ஜாக்கெட் ஜிப் போட்டுவிடுகிறாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு அறை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், மறுபக்கம் அவர்கள் ஆட்கள். நடுவில் மேஜை போட்டு பிராண்டல் அம்மா. நான் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"மதிப்புக்குரிய அம்மா, நாங்கள் ஏழைகள்."

அதற்கு மேல் போகவில்லை. பின்னாலிருந்து கோஸ்டிகா மாமா எழுந்துவிட்டார். பாலம் கட்டும் வேலைக்காரர், மீசையும் கோபமும் பெரிசு.

"யாரும்மா ஏழை? ஊர்ல வந்து பாரு! மூணு மாடி வீடு கட்டியிருக்கேன். பளிங்குப் படிக்கட்டு! கேட்டுல ரெண்டு சிங்கம்!"

"மாமா, உக்காருங்க, கெடுத்துடாதீங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் மனைவி ஃப்ளோரிகா அத்தை அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "சிங்கத்தைப் பத்திப் பேச வந்துட்டாரு. அந்த வீட்டுல யாரு தூங்கறா? எலிதான் மாடிக்கு ஒண்ணா தூங்குது. நாம இங்க ஒரே ரூம்ல கெடக்கோம்."

எங்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. எதிர்ப்பக்கம் மொழிபெயர்த்துக் கேட்டு அதைவிடச் சத்தமாகச் சிரித்தது. அது கஸ்ஸானுக்குப் பொறுக்கவில்லை. அவன் எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் சிரியாக்காரன்.

"அம்மா, அவங்க பணக்காரங்கன்னா நாங்களும் பணக்காரங்கதான்! எனக்கு ரெண்டு கடை இருக்கு. இந்த ரூம்ல பாதித் தலை நான் வெட்டினது. என்னை ஏழைன்னு சொன்னா நாளைக்கு எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"ரெண்டு கடையா? ஒண்ணு ஒன் அண்ணனோடது!" என்று யாரோ கத்தினார்கள்.

பிராண்டல் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு வசதியான ஆளுங்களை நான் ஒரே அறையில பார்த்ததில்ல. அப்போ கடை யாருக்கும் வேண்டாமா?"

எழுந்து நின்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

சுஹேர் எழுந்தாள். கையில் அவர்கள் சங்கத்துக்காக அவள் எழுதிவந்த பேச்சு இருந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "கடையை ருமேனியாக்காரங்களுக்குக் குடுத்துடுங்க," என்றாள்.

அவர்கள் பக்கம் முணுமுணுத்தது. அவள் நிறுத்தவில்லை. அவள் சமையலறையில் நான் சொன்ன கதைகளை, என்னைவிட நன்றாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். கையுறையைச் சொன்னாள். போனில் வளரும் பிள்ளைகளைச் சொன்னாள். "இந்த ஊர்ல பாதிப் பாலத்தையும் பாதிக் குளியலறையையும் கட்டினவங்க இவங்கதான். பேசறதுக்கு இவங்களுக்கு இருக்கற எடம் பஸ் நிறுத்தம். எங்களுக்காவது மொழி இருக்கு, சண்டை போட்டு வேற எடம் வாங்கிக்குவோம்."

ஆனால் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்ள நான் யார்? எழுந்துவிட்டேன். எழுதிவைத்த ஜெர்மன் எல்லாம் பறந்துவிட்டது. மேற்பார்வையாளர் ஜெர்மன்தான் வந்தது.

"ஏய்! கேளு!" என்றேன் பிராண்டல் அம்மாவைப் பார்த்து. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ பொய் சொல்றா! இவளுக்குத்தான் வேணும். இவ டீச்சர், பெரிய டீச்சர். இங்க ஜிப் போடறா! இவ அம்மா துருக்கியில, அண்ணன் ஸ்வீடன்ல, இவ இங்க. பெருநாளுக்கு ஆளுக்கு ஒரு போனை முன்னாடி வெச்சுப் பார்த்துக்கிட்டே சாப்பிடறாங்க. நான் கோடைக்கு ஊருக்குப் போயி எங்கம்மா மடியில படுக்கறேன். இவ போக முடியாது. கடையை இவளுக்குக் குடு! சீக்கிரம்! வேலை முடி!"

கடைசி இரண்டு வார்த்தையும் பழக்கத்தில் வந்துவிட்டது. பிராண்டல் அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். அவர் கண் துடைத்தாரா, வாய் பொத்தினாரா என்று இன்றுவரை எங்கள் தெருவில் வாதம் நடக்கிறது.

"ஒரு சங்கம் பேர்லதான் ஒப்பந்தம் போட முடியும்," என்றார் கடைசியில். "அது என்ன சங்கம்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஒண்ணா வந்தீங்கன்னா சாவி உங்களோடது."

ஒன்றாக வருவது என்றால் லேசா? முதல் சண்டை பன்றிக்கறிக்கு வந்தது. அது உள்ளே வரக்கூடாது என்றது அவர்கள் பக்கம். அந்தக் கறியை உள்ளே வைக்காமல் முட்டைக்கோஸ் சுருட்டலா, அதற்கு நான் பட்டினி கிடப்பேன் என்றார் கோஸ்டிகா மாமா. ஃப்ளோரிகா அத்தைதான் தீர்த்துவைத்தாள். பன்றிக்கறி முற்றத்தில், மாமாவின் சொந்த அடுப்பில், மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு. உள்ளே சமைப்பதெல்லாம் எல்லோரும் சாப்பிடக்கூடியது.

அடுத்த சண்டை பேருக்கு. 'ருமேனிய-சிரிய' என்பதா, 'சிரிய-ருமேனிய' என்பதா? ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. என் கணவர் டோரெல் பேசவே மாட்டார். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர், நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் அலுத்துப்போய், "வீட்டுக்கு முசாஃபிர் வந்தாக்கூட இவ்வளவு சண்டை வராதுப்பா," என்றார் எங்கள் மொழியில்.

சுஹேர் சட்டென்று திரும்பினாள். "என்ன வார்த்தை சொன்னீங்கண்ணே?"

"முசாஃபிர். விருந்தாளி."

"எங்ககிட்டயும் அந்த வார்த்தை இருக்கு. ஆனா விருந்தாளி இல்ல, வழிப்பயணி."

கஸ்ஸான் மேஜையைத் தட்டினான். "போதும், நிறுத்துங்க. பேர் கெடைச்சாச்சு."

பலகையில் 'முசாஃபிர்' என்று எழுதும்போது எங்கள் எழுத்து மேலேயா, அரபி எழுத்து மேலேயா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. பசி எல்லோருக்கும்.

டோரெல் தான் வேலை செய்த இடங்களில் மிச்சமான டைல்ஸ்களைக் கேட்டு வாங்கிவந்து தரை போட்டார். நீலம், சாம்பல், ஒரு மூலையில் யாரோ பணக்காரர் குளியலறையின் தங்க நிறம். சுஹேரின் கணவர் நவார் மின்சாரம் இழுத்தார். செவ்வாய்க்கிழமைதோறும் சுஹேர் எங்கள் பெண்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. முதல் வகுப்பில் அவள் எழுதிப் போட்ட வாக்கியம், 'மன்னிக்கவும், இன்று எனக்கு விடுமுறை வேண்டும்.' ஃப்ளோரிகா அத்தை அதை ஒரு தோத்திரம் மாதிரி மனப்பாடம் செய்தாள்.

திறப்பு நாளன்று ஜன்னல் கண்ணாடி ஆவி பிடித்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு கூட்டம், அவ்வளவு சமையல். சுஹேர் விரல் பருமனில் திராட்சை இலையைச் சுருட்டி அடுக்கியிருந்தாள். நான் கைமுட்டி பருமனில் மாட்டுக்கறி வைத்து முட்டைக்கோஸ் சுருட்டியிருந்தேன்.

"இது சாப்பாடா, தலையணையா?" என்றாள் என் தட்டைப் பார்த்து.

"உன்னோடதை நான் பல்லுக்குச்சின்னுல்ல நெனச்சேன்," என்றேன்.

முற்றத்தில் கோஸ்டிகா மாமா குடைக்கடியில் நின்று கரி ஊதிக்கொண்டிருந்தார். மழையே இல்லை. பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு விசுவாசம் காட்டுகிறாராம்.

பிறகு எங்கள் ஆட்கள் அக்கார்டியனை எடுத்தார்கள். கை கோத்து வட்டம் கட்டினோம். அவர்கள் ஆட்களும் முரசோடு கை கோத்து வரிசை கட்டினார்கள். அவர்கள் ஆட்டமும் கை கோத்துத்தான், ஆனால் தரை அதிரக் காலை உதைத்து ஆடுவது. நாங்கள் நழுவிப் போவோம், அவர்கள் உதைப்பார்கள். கடை சிறிசு. வட்டம் வரிசையில் போய் முட்டியது. யாருடைய கை யாருடைய கைக்குள் போனது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகிவிட்டது. என் ஒரு கையைச் சுஹேர் பிடித்திருந்தாள், மறுகையைக் கஸ்ஸான். நான் நழுவும்போது அவன் உதைத்தான். என் பெருவிரல் போயிற்று.

"யோவ், மெதுவா! என் கால்யா அது!" என்று கத்தினேன்.

"மன்னிச்சுக்கக்கா! நாளைக்கு வா, இனாமா முடி வெட்டறேன்!"

நடுவில் பிராண்டல் அம்மா ஒரு கையில் இலைச்சுருட்டலோடு மாட்டிக்கொண்டு நின்றார். வெளியே போக வழி தேடினார், கிடைக்கவில்லை. கோஸ்டிகா மாமா முற்றத்திலிருந்து கரிக்கையோடு ஓடிவந்து அவரை வட்டத்துக்குள் இழுத்தார். அவர் சுருட்டலை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

டோரெல் மட்டும் ஓரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் உதைத்தும் ஒரு டைல்கூட அசையவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.