மூடிக்கு ஒரு பிளாஸ்டிக் பை

என் சகலையின் வண்டி நடுரோட்டில் நின்றபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, போர்டில் எழுதியிருப்பதைப் படிக்கக்கூடத் தெரியாத வெளிநாட்டு ரோடு. அங்கே ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மனுஷன் முழித்த முழியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். எல்லோருமாகச் சுற்றுலா வந்த இடத்தில், மாமியாரும் பெண்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் வரட்டும், நாம் வாடகை பைக்கில் போய்ப் படகுத்துறையில் அவர்களுக்கு முன்னால் நிற்போம் என்றது அவர் ஐடியா. ஐடியா எல்லாமே அவருடையதுதான். எனக்கு வைத்த பெயரும் அவருடையதுதான்.

பஞ்சர். அதுதான் அந்தக் குடும்பத்தில் என் பெயர். என் கல்யாணத்துக்கு முதல் நாள், நானும் அவரும் ஆளுக்கொரு வண்டியில் மண்டபத்துக்குப் போனோம். வழியில் அவர் வண்டி டயர் இறங்கிவிட்டது. "மாமனார் என்னைத் தேடுவாரு, உன் வண்டிய குடு, நீ இத ஒட்டிக்கிட்டு வா" என்று என் வண்டியில் பறந்துவிட்டார். கடை தேடி வேகாத வெயிலில் தள்ளி, சட்டையெல்லாம் கிரீஸோடு நான் போய்ச் சேர்ந்தால், வாசலில் நின்றுகொண்டு, "வாங்க பஞ்சர் மாப்பிள்ளை, இப்பதான் விடிஞ்சுதா?" என்கிறார். மண்டபமே சிரித்தது. புது மாப்பிள்ளை சண்டை போட முடியுமா? நானும் பல்லைக் காட்டினேன்.

பெயர் ஒட்டிக்கொண்டது. பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன பிறந்தநாளுக்கு என் மகள் தன் கையால் வரைந்த வாழ்த்து அட்டையில் 'பஞ்சர் அப்பாவுக்கு' என்று எழுதிக் கொடுத்தாள் பாருங்கள், அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இந்தப் பெயரை வைத்தவர் தலையிலேயே திருப்பிக் கட்டாமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டேன். சந்தர்ப்பம்தான் வாய்க்கவில்லை. இதோ, கடலோரத்தில் தானாக வந்து நின்றது.

விஷயம் இதுதான். காலையில் லேசாகத் தூறியதும் சகலை ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, தன் வண்டியின் பெட்ரோல் டேங்க் மூடிமேல் போட்டு, ரப்பர் பேண்டால் சுற்றிச் சுற்றி இறுக்கினார். "டேங்குல தண்ணி இறங்குச்சுன்னா இன்ஜின் காலி. என் ஸ்கூல்ல மொதப் பாடமே இதான். நீயும் கட்டுடா பஞ்சர்." நான் கட்டவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் வண்டி இருமி நின்றது. பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், ஊதினார். கடைசியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் பையை எடுத்து மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் உதைத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட். "பாத்தியா, நம்ம கைராசி!" என்றார். பையை மறுபடி கட்டினார். மறுபடி நின்றது. மறுபடி திறந்தார். மறுபடி 'உஸ்'.

எனக்குப் பொறி தட்டியது. நான் எண்ணெய்க்கடைக்காரன். டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். மூடியில் இருந்த காற்றுத் துளையை இவர் பை போட்டு அடைத்திருக்கிறார். காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? சொல்ல வாய் திறந்தேன். வாழ்த்து அட்டை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

மூன்றாம் முறை நின்றபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் வந்துசேரும் நேரம். சாயங்காலத்தோடு கடைசிப் படகு. அவர் பார்வை என் வண்டிமேல் விழுந்ததும், அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டேய், உன் வண்டிய குடு. அங்க நான் இல்லன்னா அத்தை பயந்துருவாங்க. நீ இத மெதுவா உருட்டிக்கிட்டு வா."

அதே வாய், அதே வார்த்தை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தேன்.

"சகல, மேகம் கட்டுதே. மழ வந்தா என் வண்டி டேங்க்?"

"அட, உனக்கும் மூளை வேலை செய்யுதே!" என்று முதுகில் ஒரு தட்டு. தன் வண்டியிலிருந்த பையைத் தானே கழற்றி, தன் கையாலேயே என் வண்டி மூடிமேல் போட்டு இறுக்கினார். இன்னொரு சுற்று போடச் சொன்னேன். போட்டார். கிளம்பிப் போனார்.

நான் பாறைமேல் உட்கார்ந்து கொஞ்சம் கடலை வேடிக்கை பார்த்தேன். அப்புறம் எழுந்து, மூடியைத் திறந்து மூடி, ஓர் உதை. வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

சில வளைவுகள் தாண்டியதும் பூட்டிய கடை முன்னால் சகலை. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, பிளக்கை ஊதிக்கொண்டிருந்தார். நிறுத்தி, 'என்ன சகல, பஞ்சரா?' என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அந்த ரோட்டில் வாடகை வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.

படகுத்துறையில் வண்டியை ஒப்படைத்துவிட்டு நான் நிற்கும்போதுதான் பஸ் வந்தது. மகள் இறங்கி ஓடிவந்தாள். "அப்பா, நீதான் ஃபர்ஸ்ட்டா? பெரியப்பா எங்க?"

அப்போது அண்ணியின், அதாவது சகலை மனைவியின், போன் அடித்தது. காற்றில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நான்தான்மா. நம்ம பஞ்சர் வண்டி படுத்துருச்சு. உனக்குத்தான் தெரியுமே அவன. நடுரோட்ல அழாத குறையா நிக்கறான். விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. பாவம், நான்தான் தள்ளிக்கிட்டு வரேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். மகள்தான் போனுக்கு எக்கி, "பெரியப்பா, அப்பா என் பக்கத்துலதான் நிக்கறாரு" என்றாள்.



மாமியார் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "மாப்ள, கல்யாணத்துக்கு மொத நாள் பஞ்சரானது யார் வண்டி?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்டார். சொன்னேன். அண்ணி போனை என் கையில் திணித்து, "கடைசிப் படகு நிக்குது, அவரு நாளைக்குக் காலைல வரட்டும், நாம ஏறலாம்" என்று படகை நோக்கி நடந்தார்.

நானும் ஏறினேன். கயிற்றை அவிழ்த்தார்கள். கரை நன்றாக விலகும் வரை காத்திருந்தேன்.

"சகல, லைன்ல இருக்கீங்களா? டேங்க் மூடில கட்டின பைய எடுத்துருங்க, வண்டி ஓடும். அவசரமில்ல, படகு கிளம்பிருச்சு."