டெம்ப்ளேட்டுக்குள் ஒரு வாழ்த்து

அந்த அலுவலகத்தில் அவர்கள் இருவரையும் வாசல், கொல்லை என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் தெரிகிற பக்கங்களைச் செய்கிறவள் வாசல். பின்னால் இருந்து தரவைப் பார்த்துக்கொள்கிறவன், அவளைவிட இளையவன், கொல்லை. பெயர் வைத்தது முதலாளி. அந்த அக்கறையை நாற்காலி வாங்குவதில் காட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் முதுகுவலி மிச்சமாகியிருக்கும்.

கொல்லைக்கு ஒரே ஒரு பிடிவாதம். "டெம்ப்ளேட் வெறும் ஃப்ரேம்க்கா. பேரு, தேதி, ரிசல்ட் எதையும் அதுக்குள்ள எழுதாதீங்க. டெமோவுக்கு டம்மி டேட்டா வேணும்னா தனி ஃபைல்ல வைங்க. அந்த ஃபைலத் தூக்கினா பொய்யெல்லாம் மொத்தமா போயிடணும்." வாசலும் அப்படித்தான் செய்வாள். ஒரு முறை தவிர.

அது ஒரு கருத்தரிப்பு மருத்துவமனைக்கான மாதிரிப் பக்கம். வேலையைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். வருடக்கணக்காக அங்கே சிகிச்சைக்குப் போய், ரிசல்ட் கேட்டுப் போனில் காத்துக் கிடந்து அலுத்துப்போய், "இதை ஒரு பக்கத்துல போட்டா என்ன டாக்டர்?" என்று அவளே கேட்டாள். டெமோ அன்று கொல்லையின் வேலை முடிந்திருக்கவில்லை. ரிசல்ட் வர வேண்டிய இடம் வெள்ளையாகப் பல்லை இளித்தது. "காலியா மட்டும் காட்டிடாதேம்மா" என்று முதலாளி கையைப் பிசைந்தார். அவள் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே எழுதிவிட்டாள்: ரிசல்ட் வரவில்லை என்றால் இந்த வரியைக் காட்டு, 'வாழ்த்துகள், கரு தங்கியிருக்கிறது.'

அப்புறம் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். டாக்டரம்மாவுக்குப் பக்கம் பிடித்துப்போய், மாதிரியையே புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கொல்லை டம்மி ஃபைலை ஒழுங்காகத் தூக்கினான். டெம்ப்ளேட்டுக்குள்ளும் ஒரு பொய் உட்கார்ந்திருப்பது பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்? எழுதியவளுக்கே மறந்துபோயிற்று.

பக்கம் புழக்கத்துக்கு வந்த முதல் நாள் இன்று. காலையில் மருத்துவமனையில் கரு தங்கியதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கணவன் மூச்சிரைக்க ஓடிவந்து போனை நீட்டினான்.

"பாரு! தங்கிடுச்சு! அம்மாகிட்டச் சொல்லிட்டேன், அழுதுட்டாங்க."

பார்த்தாள். 'வாழ்த்துகள்' என்பதற்குப் பின்னால் இருந்த காற்புள்ளிகூட அவள் போட்டதுதான். அழுகை வரவில்லை. பயமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"என்ன இப்படி நிக்கிற? சந்தோஷத்துல பேச்சே வரலியா?" என்று சிரித்துவிட்டு, தன் அக்காவைக் கூப்பிட அடுத்த அறைக்குப் போனான். நல்ல செய்தி என்றால் ஊரையே கூட்டிவிடுவான் அந்த மனுஷன்.

அவள் கொல்லையைக் கூப்பிட்டாள். "என் ரிசல்ட் ஏறியிருக்கா பாரு."

"அதை நான் பாக்கக் கூடாதேக்கா."

"என்ன ரிசல்ட்னு கேக்கல. ஏறியிருக்கா, காலியா?"

"காலிதான். இன்னிக்கு யாருக்குமே இன்னும் ஏத்தலக்கா."

யாருக்குமே. காலையில் அவளோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் இதே வாழ்த்து போயிருக்கும். டெம்ப்ளேட்டைத் திறந்தாள். வரியை அழித்து, 'முடிவு இன்னும் வரவில்லை' என்று எழுதி ஏற்றினாள். "நான்தான் உள்ள எழுதி வச்சிருந்தேன்டா. ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, எல்லாருக்கும் போன் பண்ணச் சொல்லு" என்றாள். மணிக்கணக்காகப் பாடம் எடுக்கக்கூடியவன், "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

அடுத்த அறையில் கணவன் பெயர் தேடுகிற அளவுக்குப் போயிருந்தான்.

"போனை வைங்க."

ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான்.

"வைங்க. அது ரிசல்ட் இல்ல. டெமோவுக்காக நான் எழுதின வரி. நெஜ ரிசல்ட் இன்னும் வரல."

அவன் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தான். வாழ்த்து இருந்த இடத்தில் 'முடிவு இன்னும் வரவில்லை' என்று இருந்தது. கத்துவான் என்று நினைத்தாள், கத்தியிருந்தால் தேவலை.

"டெமோவுக்கு வேற எதுவும் எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதியிருக்கலாம்" என்றாள். "அப்படி ஒரு வரி பாக்க எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு."

அவன் கையிலிருந்த போன் அடித்தது. அவன் அம்மா. எடுக்கவும் மாட்டாமல் நிறுத்தவும் மாட்டாமல் அவன் நிற்க, அவளே வாங்கிக் காதில் வைத்தாள்.

"அத்தை..."

"பேசாதே, நான் சொல்றதைக் கேளு. இனிமே நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக் கூடாது. நான் கெளம்பி வர்றேன். நல்லா இருக்கியா என் கண்ணு?"

இத்தனை வருடத்தில் அத்தை அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. அப்போதுதான் அவளுக்கு வலித்தது.